கறிச் சுக்காவுக்கு மலிவான சிவப்பு ஒயின் பொருந்துமா?

தெப்பக்குளத்தான்:
சென்ற ஞாயிறு இரவு வீட்டில் சோறு, மிளகு ரசம், ஆட்டுக்கறிச் சுக்கா என்று எளிமையாகச் சமைத்திருந்தோம். டாஸ்மாக் எலைட் கடையில் 700 ரூபாய்க்குள் வாங்கிய நம் நாட்டு ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் பாட்டில் ஒன்று இருந்தது. நானும் மனைவியும் ஆளுக்கு ஒரு சிறிய தம்ளர் ஊற்றிக்கொண்டோம். சுக்காவுக்கு அது நன்றாகவே பொருந்தியது. மலிவான சிவப்பு ஒயின் நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகாது என்று சொல்பவர்கள் குடித்துப் பார்த்துத்தான் சொல்கிறார்களா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நரிமேட்டுக்காரர்:
குடித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன், ஐயா. சிவப்பு ஒயினைத் திராட்சையின் தோலோடும் கொட்டையோடும் சேர்த்து நொதிக்க விடுவதால் அதில் துவர்ப்பு ஏறுகிறது. ஏறத்தாழ 13 சதவீத ஆல்கஹாலும் இருக்கிறது. மதுரைச் சுக்காவிலோ மிளகும் வரமிளகாயும் போட்டி போடுகின்றன. காரத்தால் எரியும் நாக்கில் ஆல்கஹால் பட்டால் எரிச்சல் கூடும், துவர்ப்பு பட்டால் வாய் மேலும் வறளும். சுக்காவுக்குப் பின் ஒரு கரண்டி ரசம் செய்யும் வேலையை 700 ரூபாய் பாட்டில் செய்யுமா?

தெப்பக்குளத்தான்:
துவர்ப்பைப் பற்றி நீங்கள் சொன்னது பாதிதான். வாழைப்பூவை அரிந்து மோரில் போடுகிறோம்; கறுக்காமல் இருப்பதோடு துவர்ப்பும் மட்டுப்படுகிறது. கட்டன் சாயாவில் பால் விட்டால் வாய் பிடிப்பது குறைவதும் அப்படித்தான்: பாலிலுள்ள புரதம் துவர்ப்பைப் பற்றிக்கொள்கிறது. கறியிலும் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன, உப்பும் சேர்ந்திருக்கிறது. கொழுப்பு சற்று ஒட்டிய துண்டை மென்றுகொண்டே ஒரு மிடறு அருந்தியபோது ஒயினின் முரட்டுத்தனம் அடங்கியதை நாங்கள் இருவருமே கவனித்தோம். வரமிளகாயை மூன்றாகக் குறைத்திருந்தோம் என்பதை மறைக்கவில்லை. ரசம் ஊற்றிச் சாப்பிடும்போது ஒயினைத் தொடவும் இல்லை.

நரிமேட்டுக்காரர்:
பாருங்கள், ஒயினுக்காகச் சுக்காவின் மிளகாயைக் குறைத்திருக்கிறீர்கள். அது எந்த ஊர் நியாயம்?

கம்பம் பள்ளத்தாக்கு:
இருவரும் இனிப்பில்லாத ஒயினை மட்டுமே மனத்தில் வைத்து வாதிடுகிறீர்கள். நம் நாட்டில் உண்மையிலேயே மலிவாக விற்பவற்றில் பல, போர்ட் என்ற பெயரில் வரும் இனிப்பு வகைகள். இனிப்பு, மிளகாயின் எரிச்சலைத் தணிக்கும். எனவே காரம் குறையாத சுக்காவுக்கு அதுவே ஏற்றது. (எங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது, ஆண்டு முழுவதும் காய்க்கிறது. ஆனால் பெரும்பகுதி பழமாகத்தான் சந்தைக்குப் போகிறது என்பது எனக்குள்ள பழைய மனக்குறை.)

நரிமேட்டுக்காரர்:
எரிச்சல் தணியும் என்பதை ஏற்கிறேன். ஆனால் கறிக்குழம்பில் யாரோ சர்க்கரை கொட்டியதைப் போல இருக்குமே! அந்த இனிப்புக்குக் குளிர்ந்த பன்னீர் சோடாவே போதும்.

பழங்காநத்தம் வாசி:
சமைக்கிறவள் என்ற முறையில் நானும் சொல்லலாம் அல்லவா? வீட்டுச் சாப்பாடு என்றவுடன் நீங்கள் எல்லோரும் கறியிலேயே நிற்கிறீர்கள். எங்கள் வீட்டில் வாரத்தில் ஐந்து நாள் இரவு தோசை அல்லது சப்பாத்திதான். நல்லெண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய்க்கும் முட்டைப் பொடிமாஸுக்கும் இலகுவான சிவப்பு ஒயின் சரியாக இருந்தது. புளிக்குழம்போடு குடித்தபோது ஒயின் சாரமற்றுத் தண்ணீராகிவிட்டது. உணவில் புளிப்பு மிகுந்தால் ஒயினின் புளிப்பு அமுங்கிப்போகும். நெத்திலி வறுவலோடு குடித்ததுதான் கொடுமை. வாயில் இரும்பு வாடை வந்தது. ஒயினில் கலந்துள்ள இரும்பு மீனின் கவிச்சியைத் தூக்கிக் கொடுக்கும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் கண்டறிந்திருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

இன்னொன்று, சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்பது குளிர்நாட்டு அறையைக் கருதிச் சொன்னது. அவர்கள் கணக்கில் அது 16 முதல் 18 டிகிரி. சித்திரை மாதத்தில் என் அடுப்படி 35 டிகிரியைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் மலிவான பாட்டிலும் நாகரிகமாக நடந்துகொள்கிறது.

நரிமேட்டுக்காரர்:
அம்மா சொன்ன சூட்டுக் கணக்கை நான் யோசித்ததே இல்லை; என் பாட்டில் மேசை மேலேயே இருந்தது. மலிவு என்பதில் மட்டும் உடன்பாடில்லை. ஆளுக்கு ஒரு தம்ளர் போக, 750 மில்லியில் பாதிக்கு மேல் மிஞ்சும். திறந்த பாட்டில் நான்கைந்து நாளில் சுவை கெட்டுவிடும். அதைக் காலி செய்வதற்காகவே மறுநாளும் குடிப்பது எனக்குச் சம்மதமில்லை.

தெப்பக்குளத்தான்:
மிஞ்சியதை நாங்கள் குடிக்கவில்லை. தக்கையை இறுக்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, புதன்கிழமை ஈரலை வதக்கும்போது அரைத் தம்ளர் ஊற்றிச் சுண்டவிட்டோம். அன்று மிளகாயைக் குறைக்கவில்லை.