விடுவித்த நினைவகத்தில் எழுதியது யார்? கெர்னல் அனுபவங்கள்

டிரைவர்_பராமரிப்பு:
எங்கள் கைக்கு வந்து சேர்ந்த லினக்ஸ் கெர்னலுக்கான (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) பழைய டிரைவர் ஒன்றைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிச் சோதித்தபோது, கணினி ஒவ்வொரு முறையும் வேறோர் இடத்தில் நின்றது. ஒருமுறை கோப்பு முறைமையில், இன்னொரு முறை நெட்வொர்க் பகுதியில். ஸ்டாக் டிரேஸில் (நின்ற இடத்துக்கு இட்டுவந்த அழைப்புகளின் பட்டியல்) அந்த டிரைவரின் பெயர் மட்டும் வரவே இல்லை. கெர்னலுக்குள் சிறு நினைவகத் துண்டுகளை (ஆப்ஜெக்டுகளை) ஒதுக்கித் தரும் ஸ்லப் அலோகேட்டர், காலியான ஆப்ஜெக்டுக்குள்ளேயே அடுத்த காலி ஆப்ஜெக்டின் முகவரியை எழுதி வைக்கிறது. போதாக்குறைக்கு, அளவு ஒத்துவரும் கேஷ்களை (ஒரே அளவு ஆப்ஜெக்டுகளின் தொகுப்புகளை) ஒன்றாக இணைத்தும் விடுகிறது. எனவே விடுவித்த இடத்தில் ஒருவர் எழுதினால், அதே அளவு நினைவகம் கேட்டு வரும் சம்பந்தமில்லாத இன்னொருவர்தான் விழுகிறார்.

பூட் வரியில் ஸ்லப்_டீபக் விருப்பத்தைப் 'பி', 'யு' எழுத்துகளுடன் சேர்த்த பிறகே துப்புக் கிடைத்தது. முதலாவது, விடுவித்த ஆப்ஜெக்டைக் கடைசி பைட் நீங்கலாகப் பதினறும 6பி என்ற மதிப்பால் நிரப்பி, அது பின்னர் மாறியிருந்தால் புகார் செய்கிறது. இரண்டாவது, அதை ஒதுக்கியவரையும் விடுவித்தவரையும் பதிவு செய்கிறது. விடுவித்தது டிரைவரின் நீக்கச் செயல்கூறு. அது அழைத்த டெல்_டைமர் (இன்றைய கெர்னலில் டைமர்_டிலீட்) டைமரை நிறுத்துமே தவிர, வேறொரு சிபியூவில் ஏற்கெனவே ஓடும் கால்பேக் (நேரம் வந்ததும் டைமர் அழைக்கும் செயல்கூறு) முடியக் காத்திருக்காது. அந்தக் கால்பேக்தான் காலி இடத்தில் எழுதிக்கொண்டிருந்தது. தன்னையே மீண்டும் கிளப்பிக்கொள்ளும் டைமராக இருந்ததால், கால்பேக் முடியக் காத்திருந்து, டைமரை மீண்டும் கிளப்ப முடியாமலும் செய்யும், 6.2 பதிப்பில் வந்த டைமர்_ஷட்டவுன்_சிங்க் எங்களுக்குப் பொருந்தியது.

களப்பணி_கெர்னல்:
சோதனைக்கூடத்தில் என்றால் நான் நேராகக் கெர்னலின் நினைவகப் பிழைகளைக் கண்டறியும் கேசானுக்கே போவேன். ஒவ்வொரு 8 பைட்டுக்கும், அவற்றில் எதைத் தொடலாம் என்று குறிக்கும் 1 நிழல் பைட் வைத்து, தவறான அணுகல் நடக்கும் கணத்திலேயே அது பிடித்துவிடுகிறது. ஆனால் வாடிக்கையாளரிடம் இருக்கும் கருவிகளில் அந்த வேகக் குறைவைத் தாங்க முடியாது. அங்கே 2021-இல் 5.12 பதிப்போடு வந்த, சில ஒதுக்கீடுகளை மட்டும் மாதிரிக்கு எடுத்துக் கண்காணிக்கும் கேஃபென்ஸையே நாங்கள் இயக்கி வைத்திருக்கிறோம். இயல்பமைப்பில் அது ஏறத்தாழ 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஓர் ஒதுக்கீட்டைத் தன்னிடம் இழுத்து, இருபுறமும் காவல் பக்கங்கள் (தொட்டாலே பிழை எழுப்புபவை) உள்ள தனிப் பக்கத்தில் வைக்கிறது. 255 ஆப்ஜெக்டுகளுக்கு 2 எம்பி போதும். இப்படிச் சிலவற்றை மட்டுமே பார்ப்பதால், வாடிக்கையாளரின் ஒரே ஒரு கருவியை நம்பினால் எளிதில் எதுவும் சிக்காது. பல கருவிகள் மாதக்கணக்கில் ஓடியதில்தான், எல்லையைத் தாண்டி எழுதிய ஒரு நகலெடுப்பு எங்களுக்கு அகப்பட்டது.

பாதுகாப்பு_வாசகர்:
காலி ஆப்ஜெக்டுகளின் பட்டியலைப் பாதுகாக்கும் ஃப்ரீலிஸ்ட் ஹார்டன்ட் அமைப்பையும் இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். 2017-இல் 4.14 பதிப்பில் வந்த அது, காலிப் பட்டியலின் சுட்டியை ஒரு ரகசிய எண்ணோடும் அது சேமிக்கப்படும் முகவரியோடும் எக்ஸார் செய்து (பிட் பிட்டாகக் கலந்து) மறைத்து வைக்கிறது. ஒரே ஆப்ஜெக்டை அடுத்தடுத்து இருமுறை விடுவித்தால் அங்கேயே நிறுத்துகிறது. மற்றபடி பிழையைக் கண்டுபிடித்துத் தருவது அதன் வேலையன்று. தாக்குபவர் தான் விரும்பிய முகவரியை அலோகேட்டரிடமிருந்து வாங்கிவிடாமல் தடுக்கவே அது இருக்கிறது. அதனால் வெளியீட்டுக் கெர்னலில் அதையும் கேஃபென்ஸையும் சேர்த்தே இயக்கி வைக்கிறேன்.