முன் பிரேக் மூணாவது லாப்லயே பஞ்சு மாதிரி ஆயிடுது, யாராச்சும் வழி சொல்லுங்க

அண்ணன்களா, போன வாரம் சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்ல நேஷனல் பைக் ரேஸ் சாம்பியன்ஷிப் ரவுண்டு, நான் 165 சிசி கிளாஸ், ரெண்டாவது சீசன்தான். வெள்ளிக்கிழமை பிராக்டிஸ் சூப்பரா போச்சு, சனிக்கிழமை குவாலிஃபையிங்ல மூணாவது லாப்லயே பிரேக் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துடுச்சு, பயந்து எல்லா கார்னர்லயும் சீக்கிரமே புடிச்சு கிரிட்ல கடைசி வரிசை. ராத்திரி பிட்லயே பிரேக் ஆயில் (டாட் 4 கிரேடு) மாத்தி, லைன்ல இருந்த ஏர ரெண்டு தடவை வெளிய எடுத்தோம். ஞாயிறு ரேஸ்ல நாலு லாப் கல்லு மாதிரி இருந்துச்சு, அப்புறம் பழைய கதை, நேரா கிராவல்ல போய் படுத்துட்டேன் (கட்டைவிரல் வீங்கியிருக்கு, வீட்ல மாடிப்படில விழுந்தேன்னு சொல்லி வெச்சிருக்கேன்).

வண்டி ஆறுனா லீவர் திரும்ப டைட் ஆயிடுது, லீக்கும் இல்ல, அதனால ஆயில் கொதிக்குதுன்னுதான் தோணுது. நாங்க ஊத்தினது எப்பவோ திறந்து வெச்ச பாட்டில், ஈரம் குடிச்சிருக்குமோ? புது டாட் 5.1 ஆயில் மட்டும் போட்டா போதுமா, இல்ல ஸ்டீல் பிரெய்டட் ஹோஸும் ரேஸ் பேடும் மாத்தணுமா? காலிபர் பிஸ்டன் (பேட டிஸ்க் மேல தள்ளுறது) ஒட்டிக்கிட்டு பேட் உரசிக்கிட்டே இருந்தாலும் இப்படி சூடாகுமா, அத எப்படி செக் பண்றது? பட்ஜெட் அஞ்சாயிரம்தான், அடுத்த ரவுண்டுக்கு மூணே வாரம். இதே டிராக்ல ஓட்டினவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.