மாறுமேனி: ஒட்டுண்ணிகளின் மேற்பரப்புப் புரத மரபணுக்களுக்கு ஒரு சொல்

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம். ஒட்டுண்ணிகளின் மேற்பரப்பில் காட்டப்படும் புரதங்களை உருவாக்கும் மரபணுக்களைத் தமிழில் எப்படி அழைப்பது என்று இந்த இழையில் கேட்டிருந்ததற்கு என் பதில் இது.

சென்னை ஐயா முன்வைத்த 'மேற்பரப்புப் புரதக் குறியாக்க மரபணு' பிழையில்லை. ஆனால் இலங்கை மலைநாட்டு ஹற்றனில் என் உயர்தர வகுப்புக் கரும்பலகையில் எழுதினால் பாதிப் பலகையை அதுவே பிடித்துவிடும். மரபணுவுக்கு எங்கள் பாடநூல் தரும் பெயரான பரம்பரையலகைப் போட்டால் கேட்கவே வேண்டாம். முதலில் 'குறியாக்க'வை எடுத்துவிடலாம். புரதத்தின் பெயரோடு மரபணு என்று வந்தாலே அதைக் குறியாக்குவது என்ற பொருள் அதிலேயே அடங்கிவிடுகிறதே.

அக்கா சொன்ன 'மாறுவேட மரபணு' பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் வேடம் மாற்றாதவையும் உண்டே! நுளம்பு (கொசு) கடிக்கையில் உடலுக்குள் இறங்கும் மலேரியா ஒட்டுண்ணியை மூடியிருக்கும் முக்கியப் புரதத்துக்கு ஒரேயொரு மரபணுதான். 2021இல் உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்த தடுப்பூசி அந்தப் புரதத்தை வைத்துச் செய்ததுதான்.

ஆகவே என் முன்மொழிவு: பொதுப்பெயர் 'மேனிப்புரத மரபணு', மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களுக்கு மட்டும் 'மாறுமேனி மரபணு'.

செற்சீ ஈ காவும், உறக்க நோயைத் தரும் ஒட்டுண்ணியான ஆபிரிக்கத் திரிப்பனோசோமாவைப் பாருங்கள். ஒரே வகைப் புரதத்தின் ஏறத்தாழ ஒரு கோடி மூலக்கூறுகள் அதன் உடலை மூடியிருக்கும். அதற்கென 2000க்கு மேல் மரபணுக்கள், அவற்றில் பல சிதைந்தவை. ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். நம் பிறபொருளெதிரிகள் (கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்கள்) அந்தப் புரதத்தை இனங்கண்டு ஒட்டுண்ணிகளை அழிக்கும்போது, வேறொன்றுக்கு மாறிவிட்ட சில தப்பி மறுபடி பெருகும். காய்ச்சல் விட்டு விட்டு வருவது அதனால்தான்.

மதுரை நண்பரின் 'போர்வை மரபணு' இதற்குக் கச்சிதம். மலேரியாவுக்கு வந்தால் இடறுகிறது. மலேரியா ஒட்டுண்ணி இனங்களில் ஒன்றான பல்சிபாரத்தின் 'வார்' என்ற மாறும் குடும்பத்துச் சுமார் 60 மரபணுக்களிலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் விழித்திருக்கும். ஆனால் ஒட்டுண்ணி குருதியின் செங்குழியத்துக்குள் (சிவப்பணுவுக்குள்) இருந்துகொண்டு, புரதத்தைச் செங்குழியத்தின் வெளிப்புறத்தில் நீட்டுகிறது. அதைக் கொண்டு செங்குழியம் குருதிக்கலன் சுவரில் ஒட்டிக்கொள்ளும், மண்ணீரலில் அகப்படாமல் தப்பும். போர்வை என்றால் ஒட்டுண்ணி போர்த்தியது என்றாகிவிடும். மேனி என்றால் யாருடையது என்று சொல்லாமலே விடலாம்.

இங்கே பிள்ளைகளுக்கு மலேரியா ஒரு பரீட்சைக் கேள்வி, அவ்வளவுதான். இந்தக் குளிருக்கு அந்த நுளம்பு மேலே வருவது அரிது. 2016இல் நாடே மலேரியா அற்றதெனச் சான்றும் பெற்றாயிற்று. சொல்லிலேயே கொஞ்சம் விளங்கினால் எனக்கு வேலை மிச்சம்.

மரபணுவா பரம்பரையலகா என்ற பழைய சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம். 'மாறுமேனி'க்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள், அடுத்த தவணைக் குறிப்பை அச்சுக்குக் கொடுக்கமுன் திருத்திவிடலாம்.