குடும்ப குரூப்ல ஊட்டி ரயில்

குரூப்: காவேரிக்கரை கூட்டம்

திவ்யா அக்கா: எல்லாருக்கும் குட் மார்னிங். மே மாச ஊட்டி பிளான் இதுதான். கோவைல அத்தை வீட்ல ஒரு நைட், மறுநாள் டெம்போ டிராவலர்ல மேல போறோம், குட்டிப் பையன் ரயில் ரயில்னு உயிரை வாங்கறான் அதனால ஒரு நாள் ஊட்டி டு குன்னூர் ட்ரெயின்ல போய் போட்டோ எடுத்துட்டு திரும்பிடலாம். ஓகேவா

கோவை அத்தை: வாங்க வாங்க. எத்தன பேருன்னு மட்டும் சொல்லுங்க, மாவு ஆட்டோணும்

பொன்மலை சித்தப்பா: ஊட்டில இருந்து குன்னூரா

பொன்மலை சித்தப்பா: அதுல ஸ்டீம் எஞ்சினே கிடையாதும்மா

சித்தி: போச்சு. திவ்யா நீ ஏன் காலங்காத்தால ரயில் பேச்ச எடுத்த, இனிமே இங்க இட்லி ஆறிடும்

திவ்யா அக்கா: அப்படியா சித்தப்பா?? போட்டோல எல்லாம் புகை விட்டுகிட்டு போகுதே

பொன்மலை சித்தப்பா: அது மேட்டுப்பாளையம் குன்னூர். குன்னூர்ல ஸ்டீம கழட்டிட்டு டீசல் மாட்டுவான், அங்கேருந்து ஊட்டிக்கு டீசல்தான். நீ சொல்ற ரூட்ல மலை ஏற எஞ்சின் அடியில வேலை செய்யுற பல்சக்கரமும் இல்ல. அந்த லைனோட விசேஷமே கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும்தான், 1899ல அதுவரைக்கும்தான் போட்டான், ஊட்டிக்கு 1908லதான் போச்சு. குழந்தைய அவ்ளோ தூரம் கூட்டிட்டு போய் டீசல் எஞ்சின காட்டிட்டு வர்றதுக்கு திருச்சி ஜங்ஷனுக்கு கூட்டிட்டு வா நானே காட்டறேன்

கோவை மாமா: மாப்ள காலைலயே சூடா இருக்காப்ல 😀

அம்மா: தம்பி, மேட்டுப்பாளையத்துல இருந்துன்னா எவ்ளோ நேரம் ஆகும்? எனக்கு முட்டி வேற

பொன்மலை சித்தப்பா: காலைல 7.10க்கு எடுப்பான் அண்ணி, ஊட்டி போய் சேர மதியம் ஆயிடும். 46 கிலோமீட்டர்தான், அஞ்சு மணி நேரம்னு வச்சுக்கங்க

கோவை மாமா: 46 கிலோமீட்டருக்கு அஞ்சு மணி நேரமா. நம்ம அம்பாசடரே ரெண்டு மணி நேரத்துல ஏறிருமுங்க

கோவை அத்தை: எது, பர்லியார்ல பேனட்ட தொறந்து வச்சுகிட்டு நின்னுச்சே அதுவா

கோவை மாமா: அது ரேடியேட்டர் ஹோஸ். வண்டிய சொல்லாத

பொன்மலை சித்தப்பா: மாமா அங்க ரோடு 14 கொண்டை ஊசி போட்டு சுத்தி சுத்தி ஏறுது. ரயிலு அப்படி சுத்த முடியாது, 12 மீட்டர் போனா 1 மீட்டர் ஏறணும், அந்த சரிவுல இரும்பு சக்கரம் இரும்பு தண்டவாளத்துல வழுக்கிரும். அதனால நடுவுல பல்லு வச்ச பட்டை ரெண்டு பக்கத்துல பக்கத்துல போட்ருக்கான், ஒண்ணுல பல்லு இருக்குற எடத்துல இன்னொண்ணுல பள்ளம் வரும், எஞ்சின் அடியில இருக்குற பல்சக்கரம் எப்பவும் ஏதாவது ஒரு பல்ல புடிச்சுகிட்டேதான் இருக்கும். ஆப்ட்னு ஒரு சுவிஸ்காரர் கண்டுபுடிச்சது. இந்தியாவுல வேற எங்கயும் ஓடல இப்ப

கார்த்தி: சித்தப்பா ரெண்டு செட் சிலிண்டர்னு சொன்னீங்களே ஒரு தடவ, அத சொல்லுங்க

சித்தி: கார்த்தி உனக்கு வேற வேலையே இல்லையா டா

பொன்மலை சித்தப்பா: 🎤 வாய்ஸ் மெசேஜ் (4:52)

திவ்யா அக்கா: சித்தப்பா ஆபீஸ் மீட்டிங்ல இருக்கேன் கேக்க முடியாது, டைப் பண்ணுங்க ப்ளீஸ்

பொன்மலை சித்தப்பா: சரி. எக்ஸ் கிளாஸ் எஞ்சின்னு பேரு. சுவிட்சர்லாந்துல விண்டர்தூர்னு ஒரு ஊரு, அங்க எஸ்எல்எம் கம்பெனில பண்ணது. ஒவ்வொரு பக்கமும் ரெண்டு சிலிண்டர், ஒண்ணு மேல ஒண்ணு கீழ. சமதளத்துல கீழ் சிலிண்டர் மட்டும் வேலை செய்யும், அது சாதா சக்கரத்த சுத்தும், வேலை முடிஞ்ச ஆவி புகைபோக்கி வழியா போயிடும். கல்லார் தாண்டி பல்லு ஆரம்பிச்சதும் அந்த ஆவிய வீணாக்காம மேல் சிலிண்டருக்கு திருப்பி விடுவான், அது பல்சக்கரத்த சுத்தும். ஒரே ஆவி ரெண்டு தடவ வேலை செய்யுது. அதான் கல்லார் தாண்டுனதும் சத்தம் மாறும், கண்ண மூடிகிட்டு உக்காந்தாலே தெரியும். பல்லு ஆரம்பிக்குற எடத்துல பட்டைய ஸ்பிரிங்ல வச்சிருக்கான், மெதுவா வந்து பல்லோட பல்லு சேரணும், டிரைவர் கை அங்கதான் தெரியும்

கார்த்தி: சூப்பர் 👏

பொன்மலை சித்தப்பா: இன்னொண்ணு, எஞ்சின் முன்னாடி இருக்காது. கீழ இருந்து தள்ளிகிட்டு போகும்

அம்மா: ஏன் அப்படி?

பொன்மலை சித்தப்பா: பெட்டிய எஞ்சினோட சேக்குற கப்ளிங் விட்டுச்சுன்னா பெட்டி எல்லாம் மேட்டுப்பாளையத்துக்கே திரும்பி வந்துரும்ல அண்ணி. எஞ்சின் கீழ இருந்தா பெட்டி அது மேலயே சாஞ்சு நிக்கும். அது போக ஒவ்வொரு பெட்டியிலயும் முன்பக்கம் ஒரு பிரேக்ஸ்மேன் நிப்பாரு, கையில பச்ச கொடி செவப்பு கொடி, சக்கரத்துக்கு தனி பிரேக் பல்லுக்கு தனி பிரேக். பயப்படாதீங்க

அம்மா: இவ்ளோ சொன்னப்புறம்தான் பயமே வருது தம்பி

சித்தி: அண்ணி இவர் இப்படித்தான். ரிட்டையர் ஆகி வந்ததுக்கு அப்புறமும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதுனா எந்திரிச்சு சட்டைய தேடறார். ஞாயித்துக்கிழமை சந்தைக்கு காய் வாங்க அனுப்புனா பழைய இரும்பு கடையில நிக்கறார், போன வாரம் கத்திரிக்காய்க்கு பதிலா ஒரு பித்தளை பிரஷர் கேஜ் வந்துச்சு வீட்டுக்கு

கோவை மாமா: கேஜ் நல்லா இருக்குங்களா மாப்ள? போட்டோ போடுங்க

சித்தி: இதுக்கு இவர் ஒரு சப்போர்ட்

பொன்மலை சித்தப்பா: [போட்டோ]

கோவை மாமா: அடேங்கப்பா. டயல் சும்மா பளபளன்னு இருக்குது. பிராசோ போட்டீங்களா இல்ல புளியா?

பொன்மலை சித்தப்பா: புளிதான் மாமா. பிராசோ போட்டா எழுத்து தேயும்

திவ்யா அக்கா: பிளானுக்கு வாங்க எல்லாரும்!! ஸ்டீம்னா கரி பறந்து டிரஸ்ஸெல்லாம் வீணாகுமே சித்தப்பா

பொன்மலை சித்தப்பா: இப்ப பாதிக்கு மேல ஆயில் எரிச்சு ஓடறதுதான்மா. அந்த ஆயில் எஞ்சின் எங்க பண்ணது தெரியுமா? சுவிட்சர்லாந்துல இல்ல, நம்ம பொன்மலைல. பழச ஓவர்ஹால் பண்ணி பண்ணி ஒரு கட்டத்துல புதுசாவே பண்ணிடலாம்னு இறங்கி 2011ல முதல் எஞ்சின் வெளிய வந்துச்சு. உலகமே புல்லட் ட்ரெயின் பத்தி பேசிகிட்டு இருந்த நேரத்துல நம்ம ஊர்ல ஆயிரக்கணக்கான பார்ட்ட ஒண்ணொண்ணா பண்ணி ஒரு நீராவி எஞ்சின் கட்டுனாங்க. கரில ஓடறதும் அப்புறம் பண்ணாங்க. யுனெஸ்கோ 2005ல இந்த லைன உலக பாரம்பரிய லிஸ்ட்ல சேத்துச்சே, அந்த போர்டு முன்னாடி நின்னு எல்லாரும் செல்ஃபி எடுக்கறாங்க, எஞ்சின்ல பொன்மலைன்னு எழுதியிருக்குறத எவனும் படிக்கறதில்ல

கார்த்தி: பெரம்பூரும் சும்மா இல்ல சித்தப்பா. எழும்பூர்ல ஆகஸ்ட் 15க்கு ஓட்டுனாங்களே ஈஐஆர் 21, அது 1855 எஞ்சின். 1909லயே ரிட்டையர் ஆகி ஜமால்பூர்ல காட்சிக்கு நின்னத 2010ல ஓட வச்சது பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்தான்

பொன்மலை சித்தப்பா: ஒத்துக்கறேன். ஃபேரி குயீன்னு இன்னொரு பழைய நீராவி எஞ்சினையும் 1997ல அவங்கதான் எழுப்புனாங்க, ரெண்டும் லீட்ஸ்ல ஒரே வருஷம் ஒரே கம்பெனில பொறந்தது. ஆனா சமதளத்துல ஓட்டறது வேற, மலை ஏத்தறது வேற. பெரம்பூர்க்காரங்க கிட்ட நான் சொன்னதா சொல்லாத

அம்மா: எல்லாம் சரி, அந்த ரயில் ரொம்ப குட்டியா இருக்குமே, அஞ்சு மணி நேரம் கால மடக்கிகிட்டு எப்படி உக்காரறது

பொன்மலை சித்தப்பா: குட்டியெல்லாம் இல்ல அண்ணி, மீட்டர் கேஜ், தண்டவாளம் ஒரு மீட்டர் அகலம். டார்ஜிலிங்தான் ரெண்டடி. அண்ணன் தாம்பரத்துல இருந்து பீச்சுக்கு எலக்ட்ரிக் ட்ரெயின்ல ஆபீஸ் போனாரே, 2004 வரைக்கும் ஓடுச்சே, அதே அகலம்தான். நடுவுல நிறைய எடத்துல தண்ணி புடிக்க நிக்கும், ஹில்குரோவ் ஸ்டேஷன்ல இறங்கி டீ குடிக்கலாம் நடக்கலாம். பையில திங்கற ஐட்டம் மட்டும் வெளிய தெரியக்கூடாது, குரங்கு நம்மள விட டைம் டேபிள் நல்லா தெரிஞ்சு வச்சிருக்கு

கோவை அத்தை: போன தடவ என் முறுக்கு பாக்கெட் போச்சே அங்கதான

திவ்யா அக்கா: எந்த பக்கம் சீட் போட்டா வியூ நல்லா இருக்கும்?

பொன்மலை சித்தப்பா: 208 வளைவு, 250 பாலம், 16 டன்னல். எந்த பக்கம் உக்காந்தாலும் உன் பக்கம் வரும்

கோவை மாமா: மாப்ள சொல்றதெல்லாம் சரிங்க, ஆனா நான் ரோட்லதான் வருவேன். முத நாள் எல்லாரையும் அவினாசி ரோட்ல ஜி.டி. கார் மியூசியத்துக்கு கூட்டிட்டு போறது என் பொறுப்பு. ஜி.டி. நாயுடு ஐயா 1920ல பொள்ளாச்சி பழனிக்கு ஒத்த பஸ் ஓட்டி ஆரம்பிச்சவரு, அந்த குடும்பம் சேத்து வச்ச வண்டிங்க. குட்டிக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காட்டோணும், மெட்ராஸ்லயே பண்ண கார்னு சொன்னா இப்ப இருக்குற பசங்க நம்பறதில்ல

கார்த்தி: நான் மாமா கூட கார்ல வர்றேன்

பொன்மலை சித்தப்பா: துரோகி

கார்த்தி: ஐயோ சித்தப்பா, மேல போறப்ப உங்க கூட ரயில், இறங்கறப்ப மாமா கூட

திவ்யா அக்கா: மே மாசம் ஊட்டிக்கு கார்ல போக ஈ-பாஸ் எடுக்கணும் மாமா ஞாபகம் இருக்கா

பொன்மலை சித்தப்பா: ரயிலுக்கு ஈ-பாஸ் கிடையாது 😎

கோவை மாமா: ரயிலுக்கு டிக்கெட்டும் கிடையாதே மாப்ள, மே மாசம் கிடைச்சுருமா?

பொன்மலை சித்தப்பா: அங்கதான் விஷயம் இருக்கு. புக்கிங் தொறந்த உடனே போடணும். கார்த்தி நீ அலாரம் வச்சு காலைல ஐஆர்சிடிசில உக்காந்துரு, மேட்டுப்பாளையம் டு உதகை, குன்னூரோட முடிச்சுராத. மெட்ராஸ்ல இருந்து வர்றவங்க நீலகிரி எக்ஸ்பிரஸ்ல வந்தா காலைல அங்கயே இறங்கலாம், ஆனா கோவைல தங்கறதால தேவையில்ல, மாமா விடியக்காலைல கொண்டு வந்து விட்டா போதும். அக்டோபர் நவம்பர்னா நானே வேணாம்னு சொல்லுவேன், மழைக்கு மண்ணு சரிஞ்சு நாள்கணக்குல நிறுத்திருவான். மே நல்ல மாசம். சீக்கிரமா வந்துட்டா எஞ்சின் வந்து பெட்டியோட சேர்றத குட்டிக்கு பக்கத்துல நின்னு காட்டலாம்

கோவை மாமா: நாலு மணிக்கு எந்திரிக்கோணும். அம்பாசடர்லதான் விடுவேன், சம்மதமா

கோவை அத்தை: ஹோஸ் மாத்திட்டீங்களா மொதல்ல

கோவை மாமா: மாத்தியாச்சு மாத்தியாச்சு

திவ்யா அக்கா: சரி ரயில்ல யார் யாரு? நான், குட்டி, அம்மா, சித்தப்பா, கார்த்தி, அத்தை. சித்தி நீங்க மாமா கூட கார்ல வர்றீங்கல்ல?

சித்தி: யாரு சொன்னா

சித்தி: கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த ரயில் கதைய கேட்டுகிட்டு இருக்கேன், ஒரு தடவ கூட மேட்டுப்பாளையத்துல இருந்து என்ன கூட்டிட்டு போகல. எனக்கு ஜன்னல் சீட் போடு கார்த்தி

பொன்மலை சித்தப்பா: 🙏

சித்தி: அந்த பிரஷர் கேஜ் மட்டும் கூட வரக்கூடாது

கார்த்தி: அப்ப ரயில்ல 7 பேர். ஃபாரம் ஃபில் பண்ணி வச்சுக்கறேன், எல்லாரும் ஐடில இருக்குற பேரு, வயசு அனுப்புங்க. சீனியர் சலுகை 2020லயே நிறுத்திட்டாங்க, அத கேக்காதீங்க

அம்மா: எனக்கு 63

பொன்மலை சித்தப்பா: 61

கோவை அத்தை: என்னோடத தனியா அனுப்பறேன் கண்ணு, குரூப்ல கேக்காத