கடல்பாம்பு கடிக்கு ஏழெட்டு ஆஸ்பத்திரி சேர்ந்து ஆராய்ச்சியாம், கையெழுத்து போடலாமா?

பாம்பன்_தங்கச்சி:
எங்க அண்ணன் நாட்டுப்படகுல போறவரு. போன வாரம் வலையிலேர்ந்து மீனைக் கழட்டும்போது கடல்பாம்பு விரல்ல கடிச்சிருச்சு, வலியே இல்லன்னு பாம்பை கடல்ல வீசிட்டு வேலைய பாத்திருக்காரு. ரெண்டு மணி நேரம் கழிச்சு உடம்பு முழுக்க வலி, கழுத்தைத் தூக்க முடியல, மூத்திரம் கருப்பட்டி காப்பி மாதிரி போயிருக்கு. ரெண்டு தடவை டயாலிசிஸ் பண்ணி இப்ப தேறிட்டாரு, வார்டுல இருக்காரு. நேத்து ஒரு டாக்டர் வந்து கடற்கரையோரம் ஏழெட்டு ஆஸ்பத்திரி சேர்ந்து இந்த மாதிரி கேஸெல்லாம் சேகரிக்கிறோம், ரத்தம் வெளிய லேபுக்கு போகும், கையெழுத்து போடுங்கன்னு ஆறு பக்கம் பேப்பர் குடுத்தாரு. அண்ணி பயப்படுது, ஆளை வச்சு சோதனை பண்ணுவாங்களோன்னு. வைத்தியம்தான் முடிஞ்சு போச்சே, இனிமே எங்க ரத்தம் எதுக்கு? அதுக்கு எதுக்கு இத்தனை ஆஸ்பத்திரி?

நைட்டூட்டி_சிஸ்டர்:
அண்ணன் பொழைச்சதே பெரிய விஷயம்மா. நம்ம நாட்டு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலு விஷத்துக்குதான் செய்றாங்க, கடல்பாம்பு அதுல இல்ல. ஆஸ்திரேலியாவுல தனியா ஒரு மருந்து இருக்கு, நம்ம பக்கம் அது கெடைக்காது. அதனால சலைன், டயாலிசிஸ், மூச்சு திணறுனா வென்டிலேட்டர், இப்படித்தான் தாக்குப்பிடிக்க வைக்கணும். கடிச்ச எல்லாருக்கும் விஷம் ஏறாது, யாருக்கு கிட்னி அடிவாங்கும், எத்தனை மணி நேரம் படுக்க வச்சு பாக்கணும், இதெல்லாம் ஒரு ஆஸ்பத்திரி வருஷத்துக்கு பாக்குற ஒன்னு ரெண்டு கேஸை வச்சு சொல்லவே முடியாது. அதுக்குத்தான் பல ஆஸ்பத்திரி. ஆனா சேர்றது லேசு, எல்லாரும் ஒரே ஃபாரத்துல ஒரே மணிக்கணக்குல எழுதுறதுதான் கஷ்டம். நான் வேலை பாத்த எடத்துல ரிஜிஸ்டர்ல வெறும் பாம்புக்கடின்னு எழுதி மூடிருவாங்க, தரைப்பாம்பா கடல்பாம்பான்னு கூட இருக்காது. 2024 நவம்பர்ல தமிழ்நாடு பாம்புக்கடிய கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சிருக்கு, இனியாவது எழுதுவாங்கன்னு பாக்குறேன்.

தொண்டி_வல்லம்:
சிஸ்டர் சொல்றது சரிதான், ஆனா நான் ஒன்னு சொல்லவா? ரெண்டு மூணு வருஷம் முந்தி எங்க தெருவுக்கு ஒரு காலேஜ்லேர்ந்து வந்தாங்க, சுகர் ஆராய்ச்சின்னு வீட்டுக்கு வீடு ரத்தம் எடுத்தாங்க. ரத்தம் போச்சு, ரிசல்ட் இன்னும் வரல, எங்கம்மா கேட்டு கேட்டு ஓஞ்சு போச்சு. எங்க ஊர்க்காரன் ரத்தத்துல பட்டம் வாங்கிட்டு போயிருப்பான் எவனோ. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பதிலை எங்களுக்கு எப்ப சொல்லுவீங்கன்னு கேளு தங்கச்சி.

கீழக்கரை_டு_சென்னை:
நான் ட்ரையல், அதாவது மருந்து சோதனை, டேட்டா பாக்குற கம்பெனில இருக்கேன் லாத்தா. தொண்டி காக்காவுக்கு வந்த கோபம் நியாயம், ஆனா கூட்டா செஞ்சா பதில் எவ்ளோ வேகமா வரும்னு கொரோனால பாத்தோம். பிரிட்டன்ல நூத்துக்கும் மேல ஆஸ்பத்திரி சேர்ந்து ரெகவரின்னு ஒரு ட்ரையல், 2020 மார்ச்ல ஆரம்பிச்சு ஜூன்லயே டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்குதுன்னு சொல்லிட்டாங்க, ரொம்ப சல்லிசான மருந்து அது. அவ்ளோ தூரம் எதுக்கு, 1956ல நம்ம மெட்ராஸ்லயே இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்), உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், மாநில அரசு நாலு பேரும் சேர்ந்து ஆரம்பிச்ச ஆராய்ச்சிதான் டிபிக்காரங்கள வீட்டுல வச்சே குணப்படுத்தலாம்னு காட்டுச்சு, அதுக்கப்புறம்தான் டிபின்னா மாசக்கணக்குல சானடோரியம்ங்கற டிபி ஆஸ்பத்திரியில கெடக்கணும்ங்கறது போச்சு.

பேப்பருக்கு வருவோம். ஆராய்ச்சி நியாயமா நடக்குதான்னு பாத்து அனுமதி குடுக்கற எத்திக்ஸ் கமிட்டியோட நம்பர் இருக்கணும், தமிழ்ல இருக்கணும், எப்ப வேணா விலகலாம், விலகினா வைத்தியம் நிக்காதுன்னு எழுதியிருக்கணும். படிக்கத் தெரியாதவருன்னா ஆராய்ச்சிக்கு சம்பந்தமில்லாத சாட்சி ஒருத்தர் கூட இருக்கணும். புதுசா மருந்து குடுத்துப் பாக்கறதுன்னா அது வேற கதை, மருந்து சோதனைகளைப் பதிவு பண்ற சிடிஆர்ஐங்கற இந்தியப் பதிவேட்டு நம்பர் கேளுங்க. மிச்ச ரத்தத்தை பின்னாடி வேற ஆராய்ச்சிக்கு வச்சுக்கலாமான்னு ஒரு கட்டம் இருக்கும், அதை அவசரத்துல டிக் பண்ணிராதீங்க.

பாம்பன்_தங்கச்சி:
இன்னைக்கு போய் கேட்டுட்டேன். மருந்தெல்லாம் ஒன்னும் இல்லையாம், கேஸ் விவரமும் ஏற்கனவே எடுத்த ரத்தமும்தான், பேருக்கு பதிலா நம்பர்தான் போகுமாம். அண்ணி அஞ்சாவது பக்கத்துல அந்தக் கட்டத்தை தேடிப் பிடிச்சு வேண்டாம்னு போட்டுட்டு கையெழுத்து போட்டுச்சு. ரிசல்ட் எப்ப சொல்லுவீங்கன்னதுக்கு டாக்டர் கொஞ்சம் முழிச்சாரு, அப்புறம் மீனவர் சங்கத்துல வந்து கூட்டம் போட்டு சொல்றேன்னு சொன்னாரு, எழுதித் தாங்கன்னு கேட்ருக்கோம் தொண்டி அண்ணே. அவங்க திருப்பித் திருப்பி கேட்டது என்ன பாம்புங்கறதுதான், அதைத்தான் எங்காளு கடல்ல வீசிட்டாரே! இப்ப படகுல போற எல்லாருகிட்டயும் கடிச்சா கையில புடிக்காத, தள்ளி நின்னு செல்லுல போட்டோ எடுத்துட்டு ஒடனே கரைக்கு வான்னு சொல்லிக்கிட்டு இருக்காரு, படுத்துக்கிட்டே.