ரோட்டாக்ஸ் 912: ஹோஸ் மாற்றியதிலிருந்து காற்று போக மாட்டேன் என்கிறது

கேள்வி (இரட்டை இருக்கை):
என் சின்ன விமானத்தின் ரோட்டாக்ஸ் 912 என்ஜினில் போன வாரம் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றினேன். கூலன்ட், பாதிக்குப் பாதி கிளைக்கால்-தண்ணீர் கலவை. மூன்று தடவை சூடேற்றி, ஆறவிட்டு, நிரப்பியாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு காலையும் என்ஜின் மேலே இருக்கிற தொட்டியின் மூடியைத் திறந்தால் ஒரு விரற்கடை குறைந்திருக்கிறது. கீழே ஒரு சொட்டுகூட இல்லை. 3ஆம் சிலிண்டர் ஹெட் வெப்பம் 95 டிகிரி வரை ஒழுங்காக ஏறுகிறது, திடீரென்று 112க்குத் தாவுகிறது, அப்புறம் இறங்கிவிடுகிறது. 2ஆம் சிலிண்டர் முள் சமர்த்து.

காலைப்பனி:
மீட்டரில் 2, 3 வயர்களை மாற்றிச் செருகிப் பாருங்கள். தாவல் எந்த முள்ளில் வருகிறது?

இரட்டை இருக்கை:
மற்ற முள்ளுக்குப் போய்விட்டது. அப்போ மீட்டர் பாவம், அதன் மேல் தப்பில்லை.

கிரீஸ்கை:
ஓவர்ஃப்ளோ பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே! உங்கள் பதிலே அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். சூட்டில் கூலன்ட் விரிந்து, மூடியின் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு பாட்டிலுக்குப் போகும். ஆறும்போது மூடியில் உள்ள சின்ன வால்வு வழியாக அதே கூலன்ட் திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். அந்தக் குழாயில் எங்காவது ஓட்டை இருந்தாலோ, அதன் நுனி கூலன்ட் மட்டத்துக்கு மேலே நின்றாலோ கூலன்டுக்குப் பதில் காற்றுதான் வரும். நீங்கள் பகலில் வெளியேற்றும் காற்றை என்ஜின் இரவில் திரும்பக் குடித்துவிடும். சூடாக இருக்கையில் பாட்டில் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். காலையில் கோட்டிலேயே நின்றால் குழாயைக் கழற்றிப் பாருங்கள்.

இன்னொன்று: புது ஹோஸ் எங்கேயாவது ஒட்டகத் திமில் மாதிரி மேலே வளைந்து இறங்குகிறதா? இருந்தால் காற்று அங்கே உட்கார்ந்துகொள்ளும். விமானத்தின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, குளிர்ந்த பிறகு ஹோஸை மெதுவாக அழுத்தி அழுத்தி விடுங்கள், தொட்டியில் குமிழி வரும். சூட்டில் மூடியைத் தொடாதீர்கள். என் இடது கை மணிக்கட்டில் இன்னும் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது.

காலைப்பனி:
இதெல்லாம் செய்தும் என்ஜின் ஓட ஓடக் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிகிறதா என்று சோதியுங்கள். அப்போது பறக்க வேண்டாம்.

இரட்டை இருக்கை:
கோடு போட்டேன், காலையில் மட்டம் கோட்டிலேயே நின்றது. பாட்டில் குழாயை மட்டும் மாற்றாமல் பழையதையே மாட்டியிருந்தேன். மூடிப் பக்க நுனியில், கிளாம்புக்கு அடியில், நகக்கீறல் அளவு வெடிப்பு! வளைத்தால்தான் கண்ணுக்கே தெரிகிறது. அரை ஜாண் வெட்டி எறிந்து மாட்டினேன். இரண்டு நாளாகத் தொட்டி விளிம்பு வரை நிறைந்திருக்கிறது. தரையில் ஓட்டியதில் இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறுகின்றன. திமில் ஒன்றும் இருந்தது, ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸில். கிளாம்பைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்பியதும் சரிந்துவிட்டது.