கருத்தடை மாத்திரையால் கருப்பை வாய்ப் புற்று வருமா? நிறுத்திவிடலாமா?

தேனிமலர்:
எனக்கு 34 வயது. இரண்டாவது பையனுக்குப் பால் நிறுத்தியதிலிருந்து மாலா-டி போடுகிறேன், ஐந்து வருஷம் தாண்டிவிட்டது. ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் இவ்வளவு காலம் போட்டால் கருப்பை வாய்ப் புற்று வரும் என்று நாத்தனார் வாட்ஸ்அப்பில் காட்டியதிலிருந்து தூக்கம் இல்லை. சில சமயம் உறவுக்குப் பிறகு லேசாக ரத்தமும் படுகிறது. யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

வாணி:
எதுக்கு வம்பு, இன்றைக்கே நிறுத்திடுங்க. நான் காப்பர்-டி வைத்துக்கொண்டேன்.

கிராம நர்ஸ்:
தங்கச்சி, வேறு ஏற்பாடு இல்லாமல் நிறுத்தாதீங்க. பயந்து நிறுத்திவிட்டு, கரு தங்கியதும் மெடிக்கலில் கலைக்கிற மாத்திரை வாங்கிப் போட்டு, ரத்தப்போக்கோடு வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

நாத்தனார் காட்டியது முழுப் பொய்யும் இல்லை. புற்றுக்குக் காரணம், உடலுறவில் பரவும் எச்பிவி என்ற வைரஸ். அது உடம்பில் தங்கிவிட்டவர்களுக்கு, நீண்டகாலம் மாத்திரை போடுவது ஆபத்தைக் கூட்டுகிறது. 24 ஆய்வுகளைச் சேர்த்து 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்குப்படி, ஐந்து வருஷத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு, போடாதவர்களைவிட ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. கேட்டாலே பகீர் என்கிறது, இல்லையா? ஆனால் அதே ஆய்வு என்ன சொல்கிறது என்றால், நம்மைப் போன்ற நாடுகளில் 50 வயதுக்குள் இந்தப் புற்று வருவது போடாதவர்களில் ஆயிரத்துக்கு 7.3 என்றால், 20 வயதிலிருந்து பத்து வருஷம் போட்டவர்களில் 8.3 ஆகிறது. நிறுத்தினால் அந்தக் கூடுதலும் குறைந்துகொண்டே வந்து பத்து வருஷத்தில் போய்விடுகிறது. சினைப்பை, கருப்பை உட்சுவர்ப் புற்றுகளை இதே மாத்திரை குறைக்கிறது, அதை யாரும் ஃபார்வர்ட் பண்ணுவதில்லை.

எனக்குக் கவலை அந்த ரத்தம்தான். மாத்திரை போடுகிறவர்களுக்குக் கருப்பை வாயின் உள்பக்கத்து மெல்லிய சதை வெளியே வந்து, தொட்டாலே கசிவது உண்டு. அது புற்று இல்லை. ஆனால் கண்ணால் பார்க்காமல் அதுதான் என்று யாரும் சொல்ல முடியாது. அரசு மருத்துவமனை மகப்பேறு ஓபியில் இந்த வாரமே காட்டுங்க.

தொந்தரவு இல்லாதவர்களும் 30 வயதுக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். வினிகர் மாதிரி ஒரு திரவத்தைப் பஞ்சில் தொட்டுக் கருப்பை வாயில் வைப்போம். ஒரு நிமிஷம் பொறுத்தால், இயல்பு மாறிய இடம் இருந்தால் வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஊசி, மயக்க மருந்து எதுவும் கிடையாது. சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள் பாவம், "முடிஞ்சிருச்சும்மா" என்றால் நம்பமாட்டார்கள்.

தேனிமலர்:
ரொம்ப நன்றி அக்கா. ஆம்பளை டாக்டர் இருந்தால்?

கிராம நர்ஸ்:
பெண் டாக்டர்தான் பார்க்கணும் என்று சீட்டு போடும்போதே சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. மாதவிடாய் நாளாக இல்லாமல் பார்த்துப் போங்க. பிரஷரும் பார்க்கச் சொல்லுங்க, மாத்திரையைத் தொடரலாமா என்று முடிவு பண்ண அதுவும் வேணும்.